எமிலியின் கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை

பார்வையற்ற இளைஞர்களுக்குக் கணினி கற்பிக்க வந்திருக்கும் உங்களிடம் பேசும்படி என்னை அழைப்பவர்கள், பொறுமையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றே கேட்கிறார்கள். பொறுமை இந்த வேலையில் தானாக வந்துவிடும். அதற்கு ஓய்வுபெற்ற ஒருத்தி வந்து உரையாற்ற வேண்டியதில்லை. நான் சொல்ல விரும்புவது கோபத்தைப் பற்றி. எப்போது அதை அடக்கி வைப்பது, எப்போது வெளியே எடுப்பது, எடுத்த பிறகு அதைக் கொண்டு என்ன செய்வது என்பதைக் கற்க எனக்கு நெடுங்காலம் பிடித்தது. எமிலியின் விஷயத்தில் எழுந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை.

எமிலி, வாழவந்தி என்ற மலைக் கிராமத்துக்காரி. பெற்றோர் இருவரும் எஸ்டேட்டில் வேலை செய்பவர்கள். பிறவியிலேயே பார்வை இல்லை. ஏற்காட்டில் நாங்கள் நடத்திய பயிற்சி மையத்தில் கணினிப் பிரிவு என் பொறுப்பில் இருந்தபோது வந்து சேர்ந்தாள். நம் மாணவர்கள் தட்டச்சு செய்யும் முறை உங்களுக்குத் தெரியும். பிரெய்ல் எழுத்துக்கு ஆறு புள்ளிகள். அந்த ஆறுக்கும் விசைப்பலகையின் நடுவரிசையில் ஆறு விசைகள்: இடக்கைக்கு எஃப், டி, எஸ், வலக்கைக்கு ஜே, கே, எல். ஓர் எழுத்துக்கு எத்தனை புள்ளிகளோ அத்தனை விசைகளையும் ஒரே வேளையில் அழுத்தி எடுக்க வேண்டும். வீணையில் ஒரே சமயத்தில் பல தந்திகளைத் தொடுவது போன்ற வேலை அது. எமிலிக்கு அது வெகு இயல்பாக வந்தது. அவள் தட்டச்சு செய்யும்போது அறையின் மறுகோடியில் இருக்கும் நான் என் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். மழை ஒரே சீராகப் பெய்வது போலிருக்கும்.

படிப்பு முடிந்ததும் ஊரிலேயே வேலை கிடைத்தது. மலைக் கிராமத்து விவசாயிகளுக்காக ஓர் அறக்கட்டளை தொலைபேசி உதவி மையம் ஒன்றை நடத்திவந்தது. மாட்டுக்கு நோய், மிளகுக் கொடியில் வாடல், காப்பிக் காயில் பூச்சி என்று எது வந்தாலும் அழைப்பார்கள். சொல்வதைக் கேட்டுத் தட்டச்சு செய்து, கால்நடை மருத்துவருக்கோ வேளாண் அலுவலருக்கோ உடனே அனுப்ப வேண்டும். எமிலியைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டார்கள். வேலை பிடித்துப்போனால் நிரந்தரம் என்றார்கள். தொடக்கத்தில் அவளைப் பற்றி நல்ல சொல்லே என் காதுக்கு வந்தது. அதன்பின் எதுவும் வரவில்லை. நல்லபடியாகப் போகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து வாசலில் நின்றிருந்தேன். எமிலியின் அம்மா அவளைக் கைபிடித்து அழைத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி என்னிடம் வந்தார்.

"ஏனுங்க டீச்சரம்மா, புள்ளைக்குக் கை நரம்புல என்னமோ ஆயிருச்சுங்க. சேலத்துல நரம்பு டாக்டரு நல்லவரா ஒருத்தரைச் சொல்லுங்க. நாளைக்கழிச்சு கூட்டிட்டுப் போலாம்னு இருக்கறோம்."

எமிலி கைகள் இரண்டையும் துப்பட்டாவுக்குள் சுருட்டி வைத்திருந்தாள். வெளியே எடுக்கச் சொன்னேன். விரல்நுனிகள் வெளிறிச் சுருங்கியிருந்தன.

"வெந்நீர்ல உப்பப் போட்டு ஊற வெக்கறேனுங்க டீச்சர். காலைல, சாயந்தரம் ரெண்டு நேரமும். ஒண்ணும் கேக்க மாட்டேங்குது" என்றாள்.

"வலிக்குதா கண்ணு?"

"வலியெல்லாம் இல்லீங்க. சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்குது. 'த' அழுத்துனா ஒருக்கா 'இ'ங்குது, இன்னொருக்கா 'ஐ'ங்குது. 'ப' அழுத்துனா என்னென்னமோ வருது. கம்ப்யூட்டர் படிச்சுக் காட்டுறப்பவே தப்புன்னு தெரிஞ்சிருதுங்க. அழிச்சு அழிச்சு அடிக்கறதுக்குள்ள அடுத்த போன் வந்திருது. நான் என்ன அழுத்தறேன்னு எனக்குத் தெரியும்னு நெனச்சிட்டிருந்தேனுங்க டீச்சர். இப்ப அதுவே சந்தேகமா இருக்குது."

"எப்ப இருந்து இப்படி?"

"ஆபீஸ்ல எல்லாருக்கும் புது கீபோர்டு மாத்துனாங்க. அதுல இருந்துங்க."

"அதைச் சொன்னியா?"

"சொல்லாம இருப்பேனுங்களா? சிஸ்டம் பாக்குற அண்ணன் வந்து ஒவ்வொரு கீயா அழுத்திப் பாத்தாரு. எல்லாம் நல்லாருக்குதுன்னுட்டாரு. அப்புறம் மேனேஜர் சார் வந்து, 'எங்க, உம் பேர அடி பாக்கலாம்'னாரு. அடிச்சேன். எமிலின்னு சரியா வந்துருச்சுங்க. 'பேரு மட்டும் சரியா வருது, மத்ததெல்லாம் தப்பா வருதா? கீபோர்டு ஆள் பாத்தா வேலை செய்யுது? மனசு வேலையில இல்ல'ன்னுட்டாரு. எல்லாரும் இருந்தாங்க."

அம்மா குறுக்கிட்டார். "எமிலிக்கு மாப்பிள்ள பாத்துட்டாங்களாட்டம் இருக்குது, அதான் கை நடுங்குதுன்னு ஒருத்தி சொன்னாளாம்ங்க. எல்லாரும் சிரிச்சாங்களாம். எம்புள்ள ஊட்டுக்கு வந்து சோறு திங்கல."

மறுநாள் திங்கட்கிழமை அவள் அலுவலகத்துக்குப் போய்க் கணக்கை முடித்துக்கொண்டு வேலையிலிருந்து நின்றுவிட வேண்டும் என்று மேலாளர் சொல்லியிருந்தாராம்.

கோயிலிலிருந்து நேராக மையத்துக்குப் போய்க் கணினி அறையைத் திறந்தேன். எங்கள் பழைய விசைப்பலகையின் முன் அவளை உட்காரவைத்தேன். தயங்கித் தயங்கித்தான் கையை வைத்தாள். தீச்சட்டியைத் தொடுபவள் போல விரல்கள் விசைகளுக்கு மேலே நின்றன. ஒரு விவசாயி பேசுவது போல நான் சொல்லச் சொல்ல அடித்தாள்: குப்பனூரில் இரண்டு ஆடுகள் படுத்துவிட்டன, தண்ணீர் குடிப்பதில்லை, வாயில் நுரை தள்ளுகிறது. கணினி அதை எழுத்துப் பிசகாமல் வாசித்துக் காட்டியது. இன்னும் வேகமாகச் சொன்னேன். அதுவும் சரியாக வந்தது. மூன்றாம் முறை சொல்லத் தொடங்கியபோது அவள் கையை எடுத்துவிட்டாள்.

"அப்ப எங்கை நல்லாத்தான் இருக்குதுங்களா டீச்சர்?"

அவள் அழவில்லை. அந்தக் கேள்வியை மட்டும் கேட்டாள். ஓர் அலுவலகம் முழுவதும் சேர்ந்து, நல்ல இரண்டு கைகளை அவற்றின் சொந்தக்காரியே சந்தேகிக்கும்படி செய்திருந்தது.

என்ன நடந்தது என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. உங்களில் சிலருக்கும் விளங்கியிருக்கும்; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் தனிக்கம்பி கிடையாது. கம்பிகள் நெடுக்கும் குறுக்குமாக ஓடுகின்றன. அவை சந்திக்கும் இடத்தில் ஒரு விசை இருக்கிறது. எந்த நெடுக்குக் கம்பி எந்தக் குறுக்குக் கம்பியைத் தொட்டது என்று பார்த்தே உள்ளிருக்கும் சில்லு விசையை அடையாளம் காண்கிறது. இரண்டு விசைகள் வரை குழப்பமில்லை. செவ்வகம் ஒன்றின் மூன்று மூலைகளில் அமைந்த மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால், மின்சாரம் சுற்றிக்கொண்டு போய், எவரும் தொடாத நான்காம் மூலையும் அழுத்தப்பட்டது போலக் காட்டும். அந்தப் பொய் எழுத்து திரைக்கு வந்துவிடக் கூடாதென்று, மலிவான விசைப்பலகைகள் மூன்றாவதாக வரும் விசையை ஏற்க மறுத்துவிடுகின்றன. ஒவ்வொரு விசைக்கும் ஒருவழிக் கதவு போல ஒரு டயோடு வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுபவர்களுக்கு அது தேவைப்படுவதில்லை. ஆகவே வைப்பதில்லை.

உள்ளே ஓடும் கம்பிகள் நம் கைக்குத் தெரியும் விசை வரிசையைப் பின்பற்றுவதுமில்லை. அந்தப் புதிய விசைப்பலகையில் டி, எஸ், ஜே, கே ஆகிய நான்கும் ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகளாக அமைந்துவிட்டன என்பதே என் ஊகம். அவற்றில் எந்த இரண்டும் நுழையும், மூன்றாவது நுழையாது. 'த'வுக்கு அந்த நான்குமே வேண்டும், 'ப'வுக்கு அவற்றில் மூன்று. எந்த விரல் கணநேரம் பிந்துகிறதோ அதற்குரிய புள்ளி தொலைந்துபோகும். இதனால்தான் தவறு ஒவ்வொரு முறையும் வேறுவேறாக வந்தது. ஒரே தவறு திரும்பத் திரும்ப வந்திருந்தால் இயந்திரத்தைச் சந்தேகித்திருப்பார்கள். மாறிமாறி வந்ததால் கவனக்குறைவு என்றார்கள். அவள் பெயரிலோ அந்த நான்கில் இரண்டுக்கு மேல் சேர்ந்து வரும் எழுத்தே இல்லை. அது எந்தக் கேடுகெட்ட விசைப்பலகையிலும் சரியாகவே வரும். அந்தப் பெயரைத்தான் அவளுக்கு எதிரான சாட்சியாக நிறுத்தினார்கள்.

இனி நீங்கள் கவனிக்க வேண்டியது. எங்கள் அறையிலிருந்த நல்ல விசைப்பலகை ஒன்றை எமிலியிடம் கொடுத்து, திங்கட்கிழமை காலையில் சத்தமில்லாமல் மாற்றிக்கொள் என்று சொல்லியிருக்கலாம். அவள் பிழையின்றி அடிப்பாள். வேலையும் ஒருவேளை தங்கும். அவள் அம்மா அதைத்தான் கெஞ்சிக் கேட்டார். "பெரிய மனுசங்ககிட்ட எதுக்குங்க வம்பு, புள்ள பொழச்சாப் போதும்ங்க" என்றார். பொறுமைசாலி என்ற என் பெயருக்கும் அதுவே பொருந்தியிருக்கும். ஆனால் அதன்பின் அந்த அலுவலகத்தில் என்ன பேசியிருப்பார்கள்? ஓர் அதட்டு அதட்டியதும் பெண் ஒழுங்காகிவிட்டாள் என்றுதான். அவள் மேல் சுமத்திய பழி அப்போது மெய்யாகிவிடும். அடுத்து அங்கே போகும் நம் மாணவன் முதல் பிழை செய்யும்போது அதே அதட்டு அவனுக்கும் காத்திருக்கும். இயந்திரத்தைச் சரிசெய்யும் முன் தீர்ப்பைச் சரிசெய்ய வேண்டும். வரிசை மாறினால் தீர்ப்பு நிலைத்துவிடும். இதை எந்தக் கையேடும் உங்களுக்குச் சொல்லாது.

நல்ல விசைப்பலகையைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மறுநாள் எமிலியுடன் நான் போனேன்.

மேலாளர் கெட்டவர் அல்லர், அதைச் சொல்லிவிடுகிறேன். கெட்டவராக இருந்திருந்தால் என் கோபம் இவ்வளவு காலம் நீடித்திருக்காது. எழுந்து நின்று வரவேற்று நாற்காலி போட்டார்.

"நீங்க வந்தது நல்லதாப் போச்சுங்க மேடம். நீங்களே புள்ளைக்குப் பக்குவமா எடுத்துச் சொல்லுங்க. எனக்கு மட்டும் சங்கடமா இல்லீங்களா?"

"என்னன்னு எடுத்துச் சொல்லட்டும்ங்க?"

"இந்த வேலை சரிப்பட்டு வராதுன்னுதானுங்க. போன் எடுத்துப் பேசறதோட சரின்னா நான் கண்ண மூடிட்டு வெச்சுக்குவேன். அடிக்கோணுமே. செம்மநத்தத்துல ஒருத்தரு மாடு, கன்னு போட முடியாம கெடந்துச்சு. இவ அடிச்சு அனுப்புனத டாக்டரால படிக்க முடியல. திருப்பிக் கூப்பிட்டுக் கேட்டு அப்புறம் ஓடுனாரு. மாடு பொழச்சது சாமி புண்ணியம். அந்த மனுசனுக்கு நான் என்ன பதில் சொல்றதுங்க?"

அவர் கவலை நியாயமானது. நியாயமான கவலை ஒன்று கையில் இருந்தால் தவறான ஆளைத் தண்டிக்க எத்தனை எளிதாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

கணினிப் பராமரிப்பாளரான இளைஞர் கதவருகில் நின்றிருந்தார். "நான் நொம்ப நல்லா செக் பண்ணிட்டேனுங்க மேடம். ஒரு கீ விடல."

"எப்படிச் செக் பண்ணுனீங்க தம்பி?"

"ஒண்ணொண்ணா அழுத்தித்தானுங்க."

"அவ ஒண்ணொண்ணாவா அழுத்தறா?"

அவர் எமிலியின் விரல்களைப் பார்த்தார்.

கம்பிகளையும் செவ்வகத்தையும் பற்றி ஒரு பாடம் நடத்த எனக்கு நா துடித்தது. நடத்தியிருந்தால் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, "அதெல்லாம் சரிங்க மேடம், ஆனா பேரு சரியா வந்துச்சே" என்று தொடங்கிய இடத்துக்கே வந்திருப்பார்கள். ஆகையால் மேலாளரை எமிலியின் இருக்கைக்கு அழைத்துப் போனேன். சுற்றிலும் ஊழியர்கள் அழைப்புகளுக்கிடையே எங்களைப் பார்த்தார்கள். திரையில் வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்தேன்.

"உக்காருங்க சார். இடக்கை ரெண்டு விரலை எஸ் மேலயும் டி மேலயும் வெய்ங்க. வலக்கையை ஜே மேல, கே மேல. நாலையும் ஒண்ணா அழுத்தி ஒண்ணா எடுங்க. நாலு எழுத்து வரணும்."

அழுத்தினார். இரண்டு எழுத்துகள் வந்தன.

"சரியா அழுத்தல போலிருக்குது" என்று சிரித்தார். மறுபடி அழுத்தினார். மீண்டும் இரண்டு; முன்பு வந்தவை அல்ல, வேறு இரண்டு. சிரிப்பு போய்விட்டது. மூன்றாம் முறை மேசை அதிர ஓங்கி அழுத்தினார். இரண்டே வந்தன. சட்டென்று பராமரிப்பாளர் பக்கம் திரும்பினார்.

"என்னப்பா கீபோர்டு இது? எந்தக் கடையில கொண்டுபோய் வாங்குன இதை?"

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். தம் விரல்கள் மூன்று முறை தவறியவுடன் அவர் விசைப்பலகையைச் சந்தேகித்தார். தம் நரம்பைச் சந்தேகிக்கவில்லை. தம் மனம் வேலையில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போய் வெந்நீரில் கையை ஊறவைக்கவும் இல்லை. எமிலி வாரக்கணக்கில் தவித்தபோது அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றாத எண்ணம், அவருக்குத் தம் பொருட்டு ஒரு நிமிடத்தில் தோன்றிவிட்டது. பார்வையற்றவர்களுடன் வேலை செய்யப்போகும் நீங்கள் எதிர்கொள்ளவிருக்கும் அநீதி பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும். யாரும் கத்த மாட்டார்கள். நாற்காலி போட்டு உட்காரவைத்தே செய்வார்கள்.

அதன் பிறகுதான் பையிலிருந்து எங்கள் விசைப்பலகையை எடுத்து மாட்டினேன். அவரையே மறுபடி அழுத்தச் சொன்னேன். நான்கு எழுத்துகள் வந்தன. எமிலியை உட்காரவைத்து, செம்மநத்தத்து மாட்டின் கதையை அவர் வாயாலேயே சொல்லச் சொன்னேன். அவர் சொல்லி முடித்த கணத்தில் அவளும் அடித்து முடித்தாள். கணினி அதைப் பிசிறில்லாமல் வாசித்தது.

"சரிங்க மேடம்" என்றார் மேலாளர், நெற்றியைத் துடைத்தபடி. "பழசு ஒண்ணை எடுத்து இவளுக்குப் போட்டுடலாம். எமிலி இருக்கட்டும், எங்கயும் போக வேண்டாம். அவ்வளவுதானுங்களே? முடிஞ்சது."

"முடியலைங்க சார்."

என் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அந்த அறை என் குரலைப் பற்றிப் பேசியிருக்கும், எமிலியை மறந்திருக்கும். "மனசு வேலையில இல்லன்னு இவங்க எல்லாரும் கேக்கத்தான் சொன்னீங்க. இல்லைங்கறதையும் இவங்க எல்லாரும் கேக்கச் சொல்லுங்க."

அவர் ஊழியர்கள் பக்கம் திரும்பினார். செருமிக்கொண்டார். "எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க. எமிலி சீட்டுல ஒரு சின்ன டெக்னிக்கல் பிரச்சனை. கீபோர்டுதான் காரணம், அவ இல்ல. இப்பச் சரியாயிருச்சு." பிறகு, கனிவாகவே, அவளிடம் சொன்னார்: "ஏம்மா, நீ முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?"

அந்தக் கணத்தில் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. இங்கே சொல்லத்தக்கதாக இருந்திருக்காது. எமிலிக்குப் பக்கத்து இருக்கையில் வேலை செய்யும் வனிதா எழுந்துவிட்டாள். மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள் என்று கேலி செய்தவள் அவள்தான் என்று பின்னர் அறிந்தேன்.

"சொன்னாளுங்க சார். தெனமும் சொன்னா. நாங்கதான் சிரிச்சோம்."

யாருடைய மேசையிலோ தொலைபேசி அடித்தது, எடுப்பாரில்லாமல் ஓய்ந்தது. மேலாளர் தலையைக் குனிந்துகொண்டு, கழற்றிப் போட்டிருந்த அந்தப் புதிய விசைப்பலகையை எடுத்துப் பராமரிப்பாளரிடம் நீட்டினார். "இதக் கொண்டுபோய்க் குப்பையில போடுப்பா."

"வேண்டாம்ங்க சார்" என்றாள் எமிலி.

"அப்புறம் இதை வெச்சு என்னம்மா பண்றது?"

"உங்க மேசை மேல இருக்கட்டும்ங்க. நாளைக்கு வேற யாராச்சும், நான் அழுத்துனது வர மாட்டேங்குதுன்னு உங்ககிட்ட வந்து நிப்பாங்க. அவங்க பேர அடிச்சுக் காட்டச் சொல்றதுக்கு முன்னாடி, ஒருக்கா இதுல உங்க கைய வெச்சுப் பாத்துக்கோங்க."

அவர் அந்த விசைப்பலகையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி நின்றார். மறுபடி தொலைபேசி அடித்தது. இம்முறை எமிலியின் மேசையில். அவள் எடுத்தாள்.

"வணக்கம்ங்க, எமிலி பேசறேன். எந்த ஊருங்க நீங்க? சொல்லுங்க, மாட்டுக்கு என்னாச்சுங்க?"